பனியின் 134-ஆவது நாள்: ஷோவுக்காக விட்டுவைத்த கோட்டும் நின்றுபோன குடலும்

காலை ஆறரை மணிக்குக் கூண்டுக்கு அடியில் இருந்த தட்டை இழுத்தேன். என் அங்கோரா முயல் பனி ராத்திரி முழுக்கப் போட்டிருந்தது பதினோரு புழுக்கை. நல்லபடியாகத் தின்னும் முயல் ஒரு நாளைக்கு 200, 300 புழுக்கை போடும். ஒவ்வொன்றும் உருண்டையாக, பட்டாணியைவிடச் சற்றுச் சிறிதாக, விரலில் நசுக்கினால் புல்தூளாக உதிரும். அன்றைக்குக் கிடந்தவை மிளகு அளவு, கறுப்பு, கல் மாதிரி. அதில் நான்கு ஒரே முடியில் கோத்துக் கிடந்தன. முடியைப் பிடித்துத் தூக்கினால் நான்கும் மணிமாலை போலத் தொங்கின.

முந்தின நாள் மாலை வைத்த தீவனம் அப்படியே இருந்தது. பனி கூண்டு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தாள். காதைக் கிட்டே கொண்டுபோனால் பல் நறநறக்கும் சத்தம். முயல் சுகமாக இருக்கும்போதும் பல்லை லேசாக உரசும். வலியில் வரும் சத்தம் வேறு, அது பளிச்சென்று தெரியும். வயிற்றில் காதை வைத்தேன், எப்போதும் கேட்கும் களகள சத்தம் இல்லை.

ரோமத்துக்காக அங்கோரா போன்ற கம்பளி முயல் வளர்க்கிறவர்களுக்கு, குடல் இப்படி நின்றுபோவது எல்லாருக்கும் தெரிந்த பயம். நான் இதை விரிவாக எழுதக் காரணம், 'முடி அடைத்துக்கொண்டது' என்று அன்றைக்கு நான் சொன்ன காரணமும் பிறகு பனியின் ரோமத்திலிருந்தே எனக்குத் தெரியவந்த காரணமும் வேறு வேறாக இருந்ததுதான்.

இரண்டு சகோதரிகள்

பனியும் மல்லியும் ஒரே ஈத்தில் பிறந்த வெள்ளை இங்கிலீஷ் அங்கோரா பெட்டைகள். அங்கோராவில் இங்கிலீஷ் வகைதான் உடலில் சிறியது, ரோமத்தில் அதிகமாக வேலை வைப்பது. முகத்திலும் காது நுனியிலும் காலிலும்கூட ரோமம் இருக்கும். பிரெஞ்சு அங்கோராவுக்கு முகமும் காலின் கீழ்ப்பகுதியும் சாதாரண முயல் போலக் குட்டை முடியோடு இருக்கும், அதனால் பராமரிப்பு எளிது. சாட்டின் அங்கோராவின் இழை பட்டுப்போல மின்னும். ஜெயன்ட்டும் ஜெர்மனும் பெரும்பாலும் தானாக உதிர்க்காத வகைகள், அவற்றுக்குக் கத்தரிதான் ஒரே வழி. இங்கிலீஷ், பிரெஞ்சு இரண்டும் சுமார் மூன்று, மூன்றரை மாதத்துக்கு ஒருமுறை பழைய கோட்டை, அதாவது உடலைப் போர்த்திய ரோமத்தை, விட்டுப் புதுக் கோட்டுக்கு மாறும். இந்தக் கதையின் மையமே அந்த மாற்றம்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கத்தரி போட்டேன். அந்த நாளை நாள் 0 என்று கூண்டு அட்டையில் எழுதினேன். அதே தீவனம், பக்கத்துப் பக்கத்துக் கூண்டு. 90-ஆவது நாளில் மல்லியின் இடுப்பில் விரல் வைத்து லேசாக இழுத்தபோது ரோமம் கொத்தாகக் கையோடு வந்தது. மடியில் படுக்கவைத்து இரண்டு உட்காரலில் எடுத்து முடித்தேன், பாதி நேரம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தானாக விட்ட ரோமத்தை எடுப்பதும், விடாத ரோமத்தைப் பிடுங்குவதும் ஒன்றல்ல. 2013-ல் பண்ணை முயல்கள் கதறக் கதற ரோமம் பிடுங்கப்படும் காணொளி வெளிவந்து பல துணி நிறுவனங்கள் அங்கோராவையே கைவிட்டன. அதன் பிறகு எங்களைப் போல வளர்ப்பவர்கள் இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு புது ஆளிடமும் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது, விளக்கவும் வேண்டும். விடாத ரோமத்தில் நாங்கள் கை வைப்பதில்லை.

அதே நாளில் பனியைச் சோதித்தேன். அவள் ரோமம் வரவில்லை, அழுத்தமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இதை எங்கள் வட்டத்தில் 'கோட்டைத் தாங்குது' என்போம். ஷோவுக்கு, அதாவது முயல்களுக்கு மதிப்பெண் போடும் போட்டிக்கு, போகிறவர்கள் தேடுவது இந்தக் குணத்தைத்தான். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் அங்கீகரித்த நான்கு அங்கோரா வகைகளிலும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு ரோமத்துக்குத்தான் போகிறது. அடர்த்தி, தன்மை, நீளம் மூன்றும் சேர்ந்து உச்சத்தில் இருக்கும் வாரத்தில் ஷோ அமைய வேண்டும். கோட்டைத் தாங்கும் முயல் என்றால் அந்த உச்சம் சில வாரங்கள் கூட நிற்கும். பனிதான் ஷோ முயல் என்று அன்றே முடிவு செய்தேன். 118-ஆவது நாளில் ஒரு சின்ன ஷோ, 141-ஆவது நாளில் பெரிய ஷோ. இரண்டுக்கும் பெயர் கொடுத்தேன்.

ஷோவுக்காக நான் செய்தவை

100-ஆவது நாளிலிருந்து உலர்புல்லைக் குறைத்தேன். அதுவரை பொழுதெல்லாம் புல் வைக்கும் தட்டி நிறைய இருந்தது, காலையும் மாலையும் ஒரு கைப்பிடி என்று ஆனது. இங்கிலீஷ் அங்கோரா புல் தின்னும்போது தாடைக்குக் கீழே உள்ள ரோமத்தில் புல்துணுக்கு கொத்துக் கொத்தாக மாட்டிக்கொள்ளும். அதை ஒவ்வொன்றாக எடுப்பதற்குள் நல்ல ரோமமும் சேர்ந்து வந்துவிடும். ஷோ நெருங்கும்போது புல்லைக் குறைப்பது பலரும் செய்வதுதான். நானும் செய்தேன்.

அந்த இடத்தை நிரப்ப பெல்லட் தீவனத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ரோமம் புரதத்தால் ஆனது, அதிலும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் அதிகம். அதனால் கம்பளி முயலுக்குப் புரதம் 16 முதல் 18 சதவீதம் உள்ள தீவனம் கொடுப்பது வழக்கம். பளபளப்புக்காக ஒரு சிறு கரண்டி சூரியகாந்தி விதையும் சேர்த்தேன்.

110-ஆவது நாளிலிருந்து ப்ளோயர் போடுவதை நிறுத்தினேன். அங்கோராவுக்கு சீப்பைவிட காற்றுதான் நல்லது. நாய்களுக்குப் பயன்படுத்தும் ப்ளோயரைத் தோல்வரை காற்று போகும்படி பிடித்தால் சிக்கும் தூசியும் பொடுகும் பறந்து போகும். தளர்ந்த முடியும் பறக்கும். அதுதான் எனக்கு உறுத்தியது. ஒவ்வொரு முறை ப்ளோயர் போடும்போதும் வெள்ளையாக மேகம்போலப் பறப்பதைப் பார்த்து, அடர்த்தி போகிறதே என்று நிறுத்திவிட்டேன்.

118-ஆவது நாள் ஷோவில் பனி அவள் வகையில் முதலில் வந்தாள். ஜட்ஜ் அவளை மேசையில் வைத்து, இடுப்பு ரோமத்தைப் பிரிக்காமல் குனிந்து வாயால் ஊதினார். ஊதினால் ரோமம் பூப்போல விரிந்து, அடியில் தோல் எவ்வளவு தெரிகிறது என்று காட்டும். தோல் குறைவாகத் தெரிந்தால் அடர்த்தி அதிகம். பனிக்குக் கிட்டத்தட்டத் தெரியவே இல்லை. சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குறிப்புச் சீட்டில் 'அடர்த்தி மிக நன்று' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு வரி: 'அடிப்பகுதி கொஞ்சம் கெட்டி.' முதல் வரியைப் பத்துப் பேரிடம் காட்டினேன். இரண்டாவது வரியை நின்று படிக்கவில்லை.

129-ஆவது நாளில் புழுக்கை சிறிதாக ஆரம்பித்தது. பயணக் களைப்பு, தண்ணீர் பாட்டில் மாறியது, சரியாகிவிடும் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஷோ முடிந்து பதினோரு நாள் கழித்துப் பயணக் களைப்பு எங்கிருந்து வரும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அன்றைய நாள்

முதலில் கூப்பிட்டது எங்கள் வட்டத்தில் நாங்கள் எல்லாரும் அக்கா என்று அழைப்பவரை. இருபது வருடங்களுக்கு மேல் அங்கோரா வளர்ப்பவர். என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. "புழுக்கை எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "முடியில கோத்திருக்கா? புல்லு எவ்வளவு குடுக்கற?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டாக்டர்கிட்ட உடனே போ. போற வழியில யார் என்ன சொன்னாலும் வாயில எதையும் ஊத்தாதே" என்றார்.

'யார் என்ன சொன்னாலும்' என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த அரை மணியில் எனக்கு நான்கு பேர் நான்கு வைத்தியம் சொன்னார்கள். பப்பாளி மாத்திரை, அன்னாசிச் சாறு, பூனைக்குக் கொடுக்கும் முடியுருண்டைப் பசை, எண்ணெய். எல்லாரும் அக்கறையோடு சொன்னவர்கள், சிலர் தங்கள் முயல் அதில்தான் பிழைத்தது என்று உறுதியாகவே நம்புகிறவர்கள். பப்பாளியிலும் அன்னாசியிலும் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் முடி கெரட்டினால் ஆனது, இந்த நொதிகள் அதைக் கரைப்பதில்லை. சாறு கொடுத்துப் பிழைத்த முயலுக்கு உதவியது பெரும்பாலும் அதோடு உள்ளே போன தண்ணீராகத்தான் இருக்கும். அதிகச் சர்க்கரை, மந்தமான குடலில் வேறு கிருமிகளை வளர்த்துவிடவும் கூடும். குடலில் உண்மையிலேயே அடைப்பு இருந்தால் வாய்வழியாகத் திணிப்பது எதுவுமே ஆபத்து. முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது திரும்பி வர வழி இல்லை.

கால்நடை மருத்துவர் முதலில் வெப்பநிலை பார்த்தார். முயலுக்கு 38.5-க்கும் 40-க்கும் இடையில் இருக்க வேண்டியது, பனிக்கு 37.9 டிகிரி செல்சியஸ். முதலில் சூடு, அப்புறம்தான் மற்றது என்று ஒத்தடப் பைகளைச் சுற்றி வைத்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் இரைப்பைக்குள் பிசைந்த மாவு போல ஒரு திரள், அதைச் சுற்றி வளையம்போல மெல்லிய காற்றுப் பட்டை. குருட்டுக்குடலிலும் காற்று. சிறுகுடல் எங்கும் நீர் கட்டி வீங்கவில்லை. காதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ரத்தச் சர்க்கரையும் பார்த்தார். குடல் அடைத்துக்கொண்ட முயலுக்கு அது மிக அதிகமாக ஏறியிருக்கும். பனிக்கு சற்றுத்தான் கூடியிருந்தது. அடைப்பு இல்லை, குடல் அசைவு நின்றுபோன நிலை என்றார். ரொம்ப முக்கியமான வித்தியாசம் இது. அடைப்பு என்றால் அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். மந்தம் என்றால் தண்ணீர், வலி மருந்து, சூடு, உணவு.

தோலுக்கடியில் வெதுவெதுப்பான திரவம் ஏற்றினார். வலிக்கு மெலாக்ஸிகாம். அடைப்பில்லை என்று தெரிந்த பிறகு குடலை அசைக்கும் மருந்து. வீட்டுக்கு வந்து மூன்று மணிக்கு ஒருமுறை, தீவனத்தை அரைத்துக் குழைத்து சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரத்தில் பல்லுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். மென்று முழுங்கும்வரை காத்திருந்து அடுத்தது.

மருத்துவர் சொன்ன ஒரு விஷயம் என் மனதில் தங்கிவிட்டது. நாங்கள் எல்லாரும் 'முடி அடைத்துக்கொண்டது' என்றே பேசுவோம். எல்லா முயலின் இரைப்பையிலும் எப்போதும் கொஞ்சம் முடி இருக்கும் என்றார் அவர். தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி, முடி உள்ளே போகத்தான் செய்யும். குடல் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது புல்நாரோடு சேர்ந்து வெளியே போய்விடும். குடல் மெதுவாகும்போது இரைப்பையில் உள்ள நீர் வற்றுகிறது, முடியும் தீவனமும் சேர்ந்து கெட்டியாகிறது. முடி காரணமாக இருப்பதைவிட விளைவாக இருப்பதுதான் அதிகம். புல்நார்தான் அந்தக் குடலை ஓட்டும் எஞ்சின்.

கத்தரி

அன்று இரவு கோட்டை வெட்டினேன். பெரிய ஷோவுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. இதில் எனக்குத் தயக்கம் இருந்ததா என்று பின்னால் பலர் கேட்டார்கள். இருந்தது. ஐந்து நிமிடம் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது பனி தலையைத் திருப்பி, அந்தச் சோர்விலும் தன் தோளை நக்கினாள். நாக்கோடு ஒரு கொத்து ரோமம் போனது. அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

அங்கோராவின் தோல் காகிதம் மாதிரி. ரோமத்தைப் பிடித்துத் தூக்கினால் தோலும் கூடாரம்போல எழும்பிவிடும், அங்கே கத்தரி வைத்தால் தோல்தான் வெட்டுப்படும். அதனால் தோலை இடது கையால் தட்டையாக இழுத்துப் பிடித்து, ரோமத்தை இழுக்காமல், கத்தரியைத் தோலுக்கு இணையாகப் படுக்கவைத்து வெட்ட வேண்டும். பெட்டைக்கு வயிற்றுப் பக்கம் முலைக்காம்பு ரோமத்துக்குள் மறைந்திருக்கும், விரலால் தடவிக் கண்டுபிடித்து மூடிக்கொண்டுதான் வெட்ட வேண்டும். உடம்பு குளிர்ந்து போயிருந்ததால் ஒட்ட வெட்டவில்லை, ஒரு சென்டிமீட்டர் விட்டேன். முதுகும் பக்கமும் அன்று, வயிறும் காலும் மறுநாள்.

கத்தரி உள்ளே போகும்போதே கை சொன்னது. மேலே பஞ்சாகப் பிரிந்த ரோமம், அடியில் பிரியவில்லை. நெசவுத் துணிபோல ஒன்றாகப் படிந்திருந்தது. ஜட்ஜ் எழுதிய 'அடிப்பகுதி கொஞ்சம் கெட்டி' அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

31 மணி நேரம் கழித்து முதல் புழுக்கை விழுந்தது. மூன்றாம் நாள் தானாகவே புல்லை இழுத்துத் தின்றாள். ஒரு வாரத்தில் எடை பழையபடி 3.1 கிலோ.

ஒரு கொத்து ரோமம் சொன்னது

வெட்டிய ரோமத்தை உறையில் போட்டு எங்கள் வட்டத்தில் நூல் நூற்கும் தோழி ஒருவருக்குக் கொடுத்தேன். நூற்க லாயக்கில்லை என்று தெரியும், அவர் பார்த்துச் சொல்லட்டும் என்றுதான். அவர் ஒரு கொத்தை எடுத்து, கறுப்புத் துணி விரித்து, அடிமுனையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நுனிப்பக்கம் மெதுவாக இழுத்தார். கொத்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி நீளமான இழைகள், வழுக்கிக்கொண்டு தனியாக வந்தன. மறுபாதி அவர் விரலிலேயே நின்றது: குட்டையான, ஒரே மட்டத்தில் உள்ள, சுருள் மாறாத புது இழைகள். இரண்டுக்கும் நடுவில் சிலந்திவலை மாதிரி ஒரு படலம்.

நீண்ட இழைகளைத் துணியில் பரப்பி உருப்பெருக்கியைக் கொடுத்தார். கத்தரி பட்ட முனை தட்டையாக இருக்கும். இவற்றில் பாதிக்கு மேல் அடிமுனை மெலிந்து கூராக, தானாக விடுபட்ட முனையாக இருந்தது. அதாவது வெட்டுவதற்கு முன்பே அவை தோலை விட்டுவிட்டன. கீழே விழ வழியில்லாமல் புது ரோமத்தில் சிக்கி அங்கேயே நின்றிருக்கின்றன. பனி 'கோட்டைத் தாங்கவில்லை'. அவள் விட்ட கோட்டை அவள் உடம்பே பிடித்து வைத்திருந்தது.

எப்போது விட்டாள்? இங்கேதான் மல்லி உதவினாள். 90-ஆவது நாள் அவளுக்கு எடுத்தேன், 134-ஆவது நாளோடு 44 நாள் ஆகியிருந்தது. அவள் இடுப்பில் அளந்தால் 3.6 சென்டிமீட்டர். மாதத்துக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் வளர்கிறது. ஒரே ஈத்து, ஒரே தீவனம், நல்ல அளவுகோல். பனியின் இடுப்பில் வெட்டாமல் விட்ட ஓரிடத்தில் புது ரோமத்தை அளந்தேன், 2.4 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு மாத வளர்ச்சி. அப்படியென்றால் 104-ஆவது நாள் வாக்கில் மாற்றம் தொடங்கிவிட்டது. முதல் ஷோவுக்கு இரண்டு வாரம் முன்பு.

118-ஆவது நாள் ஜட்ஜ் ஊதியபோது தோல் தெரியாததற்குக் காரணம் இதுதான். ஒரே தோலில் இரண்டு கோட் நின்றுகொண்டிருந்தன. நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்த அடர்த்தியில் ஒரு பகுதி, விழ வேண்டிய ரோமம். ஜட்ஜின் கை அதைக் கண்டுபிடித்து எழுதியும் கொடுத்தது.

எது காரணம்

இப்போது வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். 100-ஆவது நாள் புல்லைக் குறைத்தேன். 104-ஆவது நாள் வாக்கில் ரோமம் விட ஆரம்பித்தது. 110-ஆவது நாள், அந்தத் தளர்ந்த ரோமத்தை வெளியேற்றக்கூடிய ஒரே வழியான ப்ளோயரை நிறுத்தினேன். பறந்த வெள்ளை மேகத்தை இழப்பாகப் பார்த்தேன், அது செய்தியாக வந்தது. தளர்ந்த ரோமம் காற்றில் போகாவிட்டால் அதற்கு ஒரே வழி முயலின் நாக்கு. உள்ளே முடி போவது கூடிய அதே வாரங்களில், அதை வெளியே தள்ளும் நாரைக் குறைத்திருந்தேன்.

மல்லி நலமாக இருந்ததை வைத்துப் புல்தான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் மல்லிக்குப் புல்லும் குறையவில்லை, கோட்டும் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு ஜோடி போதாது. என் அனுபவத்திலும் மருத்துவர் சொன்னதிலும் சாய்வு புல் பக்கம்தான். கோட் நீண்டு நின்ற முயல்கள் எங்கள் வட்டத்தில் நிறைய உண்டு, புல் தாராளமாகத் தின்றவை தப்பித்திருக்கின்றன. சூரியகாந்தி விதைக்கும் இதில் பங்கு உண்டா என்றால், நேரடியாக இல்லை. பெல்லட்டும் விதையும் வயிற்றை நிரப்பிப் புல்லின் பசியைக் குறைத்தன, அவ்வளவுதான்.

இன்னொரு தவறு இதைவிட ஆழமானது, எங்கள் வட்டத்தில் பலருக்கும் பொதுவானது. நான் கத்தரி போட்ட நாளிலிருந்து நாள் எண்ணினேன். ரோமத்தின் வேர்ப்பைக்குக் கத்தரி பட்டது தெரியாது. மேலே வெட்டினாலும் அது தன் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் இருந்ததோ அதே கட்டத்தில் தொடரும். விட்ட ரோமத்தைக் கையால் எடுக்கும்போது நிலைமை வேறு, புதுச் சுழற்சி ஏற்கெனவே தொடங்கியிருக்கும். அதனால் மல்லிக்கு அட்டையில் இருந்த தேதியும் உடம்பில் இருந்த தேதியும் ஒன்று. பனிக்கு 134-ஆவது நாளில் வெட்டிவிட்டு அதை மறுபடி நாள் 0 என்று எழுதினால், அடுத்த கணக்கும் ஒரு மாதம் பிசகும்.

ஜெர்மன் அங்கோரா வளர்ப்பவர்களைப் பார்த்து இந்த விஷயத்தில் எனக்குப் பொறாமை உண்டு. அவர்களின் சர்வதேச சங்கம் முயலைப் பதிவு செய்யும்போது 90 நாள் வளர்ந்த ரோமத்தை வெட்டி எடை போட்டுப் பார்க்கிறது. அங்கே காத்திருப்பதற்கு எந்தப் பரிசும் இல்லை. எங்கள் இங்கிலீஷ் முயல்களுக்கு நீளத்துக்கு மதிப்பெண் இருக்கும்வரை, இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்ற இழுப்பு இருக்கும். அதை உணர்ந்தே வேலை செய்ய வேண்டும்.

ஷோவுக்குப் போனேன்

141-ஆவது நாள் முயல் இல்லாமல் போனேன். பெயர் கொடுத்தவர்கள் வராமல் போனால் ஆள் பற்றாக்குறை ஆகும், எழுதும் மேசைக்கு ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஜட்ஜ் சொல்லச் சொல்ல நாள் முழுக்கக் குறிப்புச் சீட்டு எழுதினேன். ஒரு ஷோவை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. நம் முயலோடு போனால் நம் முயலைத்தான் பார்ப்போம்.

மூன்று முயல்களுக்கு நான் என் கையாலேயே 'அடியில் புது வளர்ச்சி, கோட் கடந்துவிட்டது' என்று எழுதினேன். மதிய இடைவேளையில் அந்த மூன்று பேரிடமும் போய்ப் பனியின் கதையைச் சொன்னேன். ஒருவர் அங்கேயே, தூக்கிச் செல்லும் கூண்டின் மேல் துண்டை விரித்து, முயலை உட்காரவைத்து, விட்ட ரோமத்தை எடுக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த இருவர் உட்கார்ந்து உதவினார்கள். மதியப் போட்டி தொடங்குவதற்குள் அந்த முயல் பாதியாகிவிட்டது, மூன்று பை ரோமம் சேர்ந்திருந்தது. அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது, ஆனால் கை நிற்கவில்லை. அக்கா அந்த வழியாக வந்து ஒன்றும் சொல்லாமல் அந்த முயல் முன்னால் ஒரு கைப்பிடி புல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சுழற்சி

புல் இப்போது எந்த ஷோவுக்கும் குறைவதில்லை. தட்டியைக் கீழே இறக்கி, முயல் குனிந்து இழுக்கும்படி வைத்தேன். மேலே இருந்து இழுத்துத் தின்னும்போதுதான் துணுக்குகள் கழுத்தில் கொட்டுகின்றன. கீழே வைத்தால் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மிச்சத்தை வாரம் இரண்டு முறை ப்ளோயர் பார்த்துக்கொள்கிறது.

104-ஆவது நாள் மாற்றம் தொடங்கியது என்ற கணக்கு சரியென்றால், கத்தரி போட்டு 70-ஆவது நாள் வாக்கிலேயே பனி மறுபடியும் மாற வேண்டும். வழக்கமான 90 நாள் கணக்குக்கு மூன்று வாரம் முன்பு. 60-ஆவது நாளிலிருந்து தினமும் இடுப்பில் ஒரே இடத்தில் ரோமத்தைப் பிரித்து, விளக்கடியில் பார்த்தேன். 72-ஆவது நாள் தோலோடு தோலாக, நகத்தின் வெள்ளை விளிம்பு அளவு, புது முளை தெரிந்தது. ப்ளோயர் தொடர்ந்து போட்டிருந்ததால் படலம் கட்டவில்லை. ஒரு வாரத்தில் பழைய ரோமம் மல்லிக்கு வந்ததுபோலவே கொத்தாகக் கையில் வந்தது.

அந்தச் சுழற்சியில் எந்த ஷோவுக்கும் பெயர் கொடுக்கவில்லை. பதிலாக, எடுத்த கையோடு ஆண் முயலிடம் விட்டேன். குட்டை ரோமத்தோடு இருக்கும்போது சினைப்படுத்துவது பெட்டைக்கும் வசதி, பிறக்கும் குட்டிக்கும் வசதி. நீள ரோமத்தைப் பிய்த்துக் கூடு கட்டினால் அது குட்டியின் காலிலும் கழுத்திலும் நூல்போலச் சுற்றி இறுக்கிவிடும். கூட்டில் போட்ட ரோமத்தையும் எடுத்து, கத்தரியால் விரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கித் திரும்ப வைத்தேன். சினைப்பட்ட 31-ஆவது நாள் ஐந்து குட்டி போட்டாள், ஐந்தும் நிற்கின்றன. 'கோட்டைத் தாங்கும்' முயல் என்று அவளைத் தேர்ந்தெடுத்த எனக்கு, இந்தக் குட்டிகளில் எதை வைத்துக்கொள்வது என்பதில் கேள்வி மாறிவிட்டது. விட வேண்டிய நேரத்தில் சுத்தமாக விடுகிற குட்டி எது என்று பார்க்கப் போகிறேன்.

கூண்டு அட்டையில் இப்போது இரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்றில் கத்தரி போட்ட நாள், மற்றதில் புது முளை தெரிந்த நாள். பனியின் அட்டையில் முதல் கட்டம் காலியாக இருக்கிறது. இரண்டாவதில் ஒரு தேதி எழுதி, அதற்குக் கீழே ஒரு சின்ன உறையில் அந்த 134-ஆவது நாள் கொத்தைக் கட்டி வைத்திருக்கிறேன். புதிதாக முயல் வாங்க வருகிறவர்களிடம் அதை எடுத்து, கறுப்புத் துணியில் வைத்து, அடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள் என்று கொடுக்கிறேன்.